அசையாத இடது கை

மார்ச் 4, செவ்வாய்
இன்று முதல் நான் ஆராய்ச்சிக்குரிய ஆள். புள்ளியியல் படித்த அக்கா மகள் தன் ஆய்வுக்காக என் இடது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டாள். கை அசைவதை வைத்து உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்று கணக்குப் போடுமாம். குளிக்கும்போதும் கழற்றக் கூடாது. முடிவெட்டுபவரிடம் போய், நாட்டிலேயே முதலில் என்னைத்தான் தேடி வந்தார்கள் என்றேன். கத்தரியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

மார்ச் 6
சராசரி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தாள். அவளைவிட எனக்கு நன்றாகப் புரிந்தது. என் சுறுசுறுப்பையும் பக்கத்து வீட்டுக்காரர் சோம்பலையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலக்குவது. நஷ்டம் எனக்குத்தான்.

மார்ச் 9
அவள் வேலைக்குப் போனால் அவளுடைய கைக்குழந்தை என் பொறுப்பு. மதியம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரையே சுற்றுகிறேன் என்றேன்.

மார்ச் 12
வந்தது வினை. மதியமானால் பட்டை அசைவதே இல்லையாம். வெகுநேரம் அசையாவிட்டால் கழற்றி வைத்ததாகத்தான் கணக்கு. கழற்றுகிறவரை ஆய்விலிருந்தே எடுத்துவிடுவார்களாம். கழற்றவே இல்லை என்று சத்தியம் செய்தேன்.
"ஊரெல்லாம் நடந்தேன்னு சொன்னீங்களே மாமா. நடந்தா கை அசையாதா?"
நான் விட்ட கதையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. என்னையா பொய்யன் என்கிறாள்—இந்த ஒரு விஷயத்தில்?

மார்ச் 13
கோபத்தில் சாப்பாடு வேண்டாம் என்றேன். பிறகு சாப்பிட்டேன்.

மார்ச் 14
உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். குட்டி தூங்குவது என் இடது கையில்தான். விரல் அசைந்தால் விழித்துவிடும். அதனால் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கை மரத்துப்போகும், மூக்கு அரிக்கும், அசையமாட்டேன்.
"நடக்கிறதுன்னா யார் வேணா நடப்பாங்க. இப்படி உக்கார ஒரு ஆளக் காட்டு பாக்கலாம்."
அவள் சிரிக்கவில்லை. "இத முதல்லயே சொல்றதுக்கென்ன மாமா?"
சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எவனாவது சொல்வானா?
பட்டை தோலின் சூட்டையும் பதிவு செய்கிறதாம். சூடு இருந்தால் கையில் இருந்தது என்று அர்த்தம். பார்க்கிறேன் என்றாள்.

மார்ச் 17
சூடு இருந்தது. நான் ஆய்வில் இருக்கிறேன். அசையாவிட்டாலும் சூடு இருந்தால் தள்ளக் கூடாது என்று எல்லோருக்கும் சேர்த்தே விதியை மாற்றிவிட்டாள். முடிவெட்டுபவரிடம், விதியை எழுதியதே நான் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 22, சனி
அவளுக்கு விடுமுறை. நான் தூங்க வைக்கிறேன், நீங்கள் காலாற நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். தெருமுனையிலேயே அழுகை கேட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளாகவே குட்டியைக் கொண்டுவந்து இடது கையில் கிடத்தினாள்.
இதை வலது கையால் மட்டும் எழுதுகிறேன்; தாள் நழுவுகிறது. அவள் அடுத்த அறையில் நுனிக்காலில் நடக்கிறாள்.