கம்பு விளக்கும் நல்ல தண்ணியும்

இன்று காலை கம்பு விளக்கு மறுபடி எரிந்தது.

நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. தண்ணீரில் நட்ட வலைக்கம்பும் அடியில் இரண்டு அலையுமாக, காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக எரியுமே, அந்த விளக்கு. இன்ஜினில் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். நான்கு கூடை நண்டோடு ஆரம்பாக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டியதும் விளக்கு வந்தது, பின்னாலேயே பானெட் இடுக்கிலிருந்து ஆவி. அதில் பாசி வெந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. அழுகை இல்லை, அலுப்புதான். நீங்கள் போன இந்த ஒன்றரை வருஷமாக நானும் இந்த வண்டியும் முறை வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

"வித்துடும்மா, இன்னாத்துக்கு அதக் கட்டிக்கினு அழுவுற?" என்று பெரியவள் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வண்டியைக் கெடுத்தவளே நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போன அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் பின் சீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தீர்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், கியர் மாற்றும்போதெல்லாம் கத்துகிற மனிதர், அன்றைக்கு ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஏரிக்கரை ரோட்டில் கம்பு விளக்கு எரிந்தது. டிக்கியைத் திறந்தேன். நீங்கள் எப்போதும் நிரப்பி வைக்கும் ஐந்து லிட்டர் கேன் காலியாக இருந்தது. இரண்டு மாதமாக நீங்கள் வண்டியைத் தொடவே இல்லையே, யார் நிரப்புவார்கள்? பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. உப்புத் தண்ணீர் ஏரி மட்டும்தான்.

உங்கள் சட்டம் எனக்குத் தெரியாதா? "படகு இன்ஜினுக்கு ஏரித் தண்ணி ஆவும். காருக்கு நல்ல தண்ணிதான். உப்புப் பட்டா உள்ள அரிச்சிப் போட்டுடும்." ஊரில் வண்டி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் இதைப் பாடமாக நடத்தியவர் நீங்கள். தெரிந்தேதான் சேற்றில் இறங்கி, கேனில் ஏரித் தண்ணீரை மொண்டு வந்தேன். சூடு கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்தபோது ஒவ்வொரு நிமிஷமும் உயிரை எடுத்தது. மூடியைத் திறந்து ஊற்றினேன். நீங்கள் தலையைத் தூக்கி, இறக்கியிருந்த பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உதட்டோரம் லேசாகக் கோணியது.

"ஊத்து, ஊத்து. பழக்கம்தான்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். உங்கள் பேச்சை மீறுவது எனக்குப் புதிதா என்று குத்திக் காட்டுவதாகவே எடுத்துக்கொண்டேன். சுருக்கென்றது. கேனை டிக்கியில் போட்டுவிட்டு ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும் உங்களுக்கு வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். பத்தாவது நாள் எல்லாம் முடிந்தது. ஆகவே நீங்கள் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டுக் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஊற்றுகிறேன். ஊற்றும்போதெல்லாம் அந்த "பழக்கம்தான்" காதில் விழும். இந்த மனிதர் கோபத்தோடேயே போய்விட்டாரே என்று நெஞ்சு கனக்கும்.

இன்று வண்டியை நிறுத்தி நிறுத்தி, ஆற வைத்து ஆற வைத்து, ஒரு வழியாக மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ரயில்வே கேட் பக்கத்தில் இருக்கிறவர், உங்களுக்கும் பழக்கமானவர்தான். முதலில் விளக்கு பொய் சொல்கிறதா என்று பார்த்தார். ஒயரைக் கழற்றி மாட்டினார், ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தார். இரண்டிலும் குறையில்லை. "லைட்டு கரெக்டாதான் சொல்லுது யக்கா. தண்ணி ஓட்டத்துலதான் கோளாறு" என்றார். இன்ஜின் ஆறும் வரை நண்டுக் கூடைகள் மேல் போட்டிருந்த சாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே விரல் விட்டு ஒரு வெள்ளைப் பொருக்கைப் பெயர்த்தார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார்.

"உப்பு. யாரு யக்கா ஏரித் தண்ணி ஊத்துனது?"

"நான்தான்" என்றேன். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். "அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போம்போது. ஒரே வாட்டிதான்."

அவர் சிரித்துவிட்டார். "ஒரு வாட்டி ஊத்துனா இப்டி ஆவுமா? கல்லு மாதிரி ஏறியிருக்குது பாரு, ஒண்ணு மேல ஒண்ணு. இது பத்து வருசத்து வேல யக்கா. அண்ணன்தான் டெய்லி ஊத்தியிருக்குது."

"அவரா? ஊருக்கே சட்டம் சொன்னவரு அவரு!" என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். அவர் டிக்கியிலிருந்து அந்தக் கேனை எடுத்து, வாய்ப்பக்கத்தைப் பிளேடால் அறுத்துக் காட்டினார். உள்சுவர் முழுக்க வெள்ளை. அடியில் அடை அடையாகக் காய்ந்த பாசி, அதில் ஒட்டிக்கொண்டு பொடிப்பொடி நத்தைக் கூடுகள். நல்ல தண்ணீர்க் கேனாம்! பொய்க்காரரே.

அந்தக் கடையில், கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில், அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழக்கம் எனக்கு இல்லை. வண்டிக்கு. "பரவாயில்லை, ஊத்து, இது குடித்துப் பழகிய தண்ணீர்தான்" என்றிருக்கிறீர்கள். மாட்டிக்கொண்ட திருட்டுச் சிரிப்புதான் அந்தக் கோணல். அதைப் போய் நான் ஒன்றரை வருஷமாக முள்ளாகச் சுமந்திருக்கிறேன். முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? சொல்லத் தெம்பில்லை உங்களுக்கு, தெரியும்.

ரேடியேட்டரை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். இன்ஜினுக்குள் எவ்வளவு அரித்திருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியுமாம். பிரியுங்கள் என்று சொல்லிவிட்டு, நண்டை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்தேன். பிழைக்குமா தெரியாது. பிழைக்காவிட்டால் பெரியவள் சொன்னபடி கொடுத்துவிடுவேன். இனி கொடுக்க முடியும்.

வீட்டுக்கு வந்ததும் குடத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வரும். கோயில் முனையில் வரிசையில் நின்று, அங்கிருந்து இடுப்பில் இரண்டு நடையாக இரண்டு குடம் தூக்கி வருவேன். "இதுலருந்து வண்டிக்கு எடுத்துக்கோங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "வேணா வேணா, உன் தண்ணிய நீ வச்சிக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று கேனைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போய்விடுவீர்கள். எங்கே போகிறீர்கள் என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

அத்தனை வருஷமும் என் குடத்தில் ஒரு சொம்பு குறைந்ததில்லை. இன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிகிறது.