பச்சை வெல்வெட்டை வெட்டிவிட்டேன்

மாண்ட்ரியல்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் மகன் புரோஸ்பருக்கு, உன் அப்பா மக்லூஃப் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். வான்கூவரில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நல்ல உடம்போடு இருக்க ஆண்டவன் அருளட்டும். நான் நலம். முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே சேதி சொல்லிவிடுகிறது.

கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான். உன் அம்மா ஃப்ரேஹா இருந்தவரை நான் சொல்ல அவள் எழுதினாள். நான் உன்னைத் திட்டியதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் எழுதினாள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இந்தக் கடிதத்தில் எதுவும் விட்டுப்போகாது. எண்பத்தோரு வயதில், நம் யூத சமூகக் கூடத்தில் செவ்வாய்தோறும் நடக்கும் வகுப்பில் சேர்ந்து படித்தேன். பாடம் சொல்லித் தருகிற சிமி ஓய்வுபெற்ற நர்ஸ். "மக்லூஃப் ஐயா, பேனாவ ஊசி மாதிரி குத்தாதீங்க, தாள் கிழியுது" என்பாள். ஏழு வயதில் தையல்கடையில் விட்டார்கள், அன்றிலிருந்து வேறு எதைப் பிடித்தேன்? ஐம்பது வருடம் தங்க நூலில் எழுத்து தைத்தவன் நான். யாராவது அட்டையில் எழுத்தை வெட்டித் தருவார்கள், அட்டை மறையும்வரை நூலைப் போடுவேன். அது யார் பெயர் என்று கேட்க வெட்கம். இப்போது ஜெப ஆலயத்தில் நான் தைத்த பழைய திரைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். எனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, நிற்கட்டும்.

இப்போது விஷயம். உன் அம்மா கல்யாணத்துக்கு முந்தைய மருதாணி நாளில் உடுத்திய பச்சை வெல்வெட் உடையை வெட்டிவிட்டேன். அதை எடுத்துப்போகப் பதினைந்தாம் தேதி வருவதாக இருந்த மியூசியம் வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. தொலைபேசியில் சொல்லியிருந்தால் குறுக்கே பேசியிருப்பாய். கடிதத்தில் அது முடியாது. உட்கார்ந்து முழுதும் படி.

மியூசியத்திலிருந்து அந்தப் பெண்மணி வந்தாள், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு உடையைப் புரட்டினாள். மரியாதையான பெண், குறை சொல்லமாட்டேன். கண்ணாடிப் பெட்டியில், மங்கிய வெளிச்சத்தில், யார் கையும் படாமல் இருக்கும் என்றாள். பக்கத்தில் அட்டை இருக்குமாம். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். "மெக்னெஸ் நகர மணப்பெண் உடைன்னு போடுவோம்." ஃப்ரேஹா என்ற பெயர்? "அது எங்க ஆவணத்துல இருக்கும்." ஆவணம் எங்கே இருக்கும் என்றேன். கீழ்த்தளத்தில் என்றாள். நீ கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டாய், புரோஸ்பர். நான் அன்றே கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன்.

உன் அம்மாவின் ஊரான மெக்னெஸில் மணப்பெண் உடை கடைசியில் போய்ச்சேரும் இடம் ஆலயத்து வேதச் சுருளான தோரா. அவளுடைய அம்மாவின் உடையும் அப்படித்தான் சுருளுக்கு மேலுறை ஆயிற்று. ஆலயப் பொறுப்பாளர் அம்ராம் செபாகிடம் இதைச் சொன்னேன். "பொம்பள கட்டுன பாவாடையத் தோராவுக்குப் போடுவியா? எங்கயாவது கேட்டிருக்கியா?" என்றான். "மெக்னெஸ்ல கேட்டிருக்கேன். நீ காசாபிளாங்காக்காரன், உங்க ஊர்ல சினிமாக் கொட்டகைதான் அதிகம்" என்றேன். நம் மதகுரு ராபியிடம் போனோம். உடையாக இருக்கும்வரை கூடாது, வெட்டி வேறு பொருளாக்கிவிட்டால் அது உடையே அல்ல, தாராளமாகப் போடலாம் என்றார். ஆக, வெட்டியது என் திமிர் மட்டும் இல்லை, அப்படிச் செய்யத்தான் வேண்டும்.

செபாக் விடவில்லை. நியூயார்க்கில் மிஷினில் பூப்போட்ட உறை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். "துணிக்கு ராபி அனுமதி குடுத்தாரு. சுருள் இருக்குற பெட்டிச் சாவி எங்கிட்ட இருக்கு. அளவு எடுக்கத் திறக்க மாட்டேன்" என்றான். அளவில்லாமல் நான் தைத்துக் கெடுப்பேன் என்று அவன் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை சுருளைத் தூக்கி வரும் பேறு எனக்குக் கிடைத்தது. சனி நம் ஓய்வு நாள், அளவு நாடாவைத் தொடக்கூடாது, தெரியும். நான் நாடாவைத் தொடவில்லை. சுருளைக் கட்டிப் பிடித்தேன். அடி என் பெல்ட் கொக்கியில் நின்றது, உச்சி சட்டையின் மேல் பொத்தானில். இரண்டு கையையும் சுற்றினால் விரல்களுக்கு நடுவே ஒரு கைமுட்டி இடைவெளி. செபாக் பார்த்துக்கொண்டே இருந்தான். "என்னய்யா, விட மாட்டேங்குற?" என்றான். "பாசம்" என்றேன். எழுதி வைக்கவும் கூடாது அல்லவா, அளவை உடம்பிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெல்ட் இடம் மாறிவிடுமோ என்று மத்தியானச் சாப்பாட்டில் பாதிதான் சாப்பிட்டேன். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வு நாள் முடிந்ததும் கண்ணாடி முன் நின்று நாடாவை எடுத்தேன்.

ஒரு தப்பு நடந்தது, மறைக்கமாட்டேன். வெல்வெட்டின் ரோமம் ஒரு திசைக்குப் படியும். இரண்டு துண்டில் ஒன்றைத் தலைகீழாக வெட்டிவிட்டேன், பாவாடையில் வேறு துணி இல்லை, மேல்சட்டை அந்த அளவுக்குக் காணாது. ஒரு பக்கம் கரும்பச்சை, மறுபக்கம் மழையில் நனைந்த இலைபோல் மின்னுகிறது. உன் அம்மா பார்த்திருந்தால் ஒரு வாரம் பேசமாட்டாள். மின்னும் பக்கம் பெண்கள் வரிசைக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில்தான் அவள் பெயரைத் தைத்தேன். இந்த முறை யாரும் அட்டை வெட்டித் தரவில்லை. நானே வரைந்தேன், நானே வெட்டினேன், மூன்று அட்டை பாழாயிற்று. ஃப்ரேஹா, மஸ்ஊதின் மகள். கடைசி எழுத்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சாயட்டும்.

வியாழன் காலை, தோரா வாசிப்புக்கு முன் எல்லார் எதிரிலும் உறையைச் சுருளுக்குப் போட்டுப் பார்க்கும்படி ராபி செபாகிடம் சொன்னார். சுருளின் மரத்தண்டுகள் இரண்டும் உறையின் மேல் துளைகளில் நுழைந்தன, உறை வழுக்கி இறங்கி அடியில் சரியாக நின்றது. செபாக் சுற்றிச் சுற்றி வந்தான். "அளவு யாரு குடுத்தா?" என்றான். தோராவே கொடுத்தது என்றேன். நியூயார்க் உறையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

உடையின் மேல்சட்டை மிச்சம் இருக்கிறது. மியூசியம் அதையாவது கேட்கும். அதுவும் கிடையாது, வாசிப்பு மேசைக்கு விரிப்பாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கோபித்தால் முகவரி கொடு, நானே பதில் எழுதுகிறேன். இப்போது என்னால் முடியும்.

கோபம் உனக்கும் இருக்கும். அம்மா உனக்கும் அம்மாதான், உன்னைக் கேட்காமல் வெட்டினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அப்போதும் வெட்டியிருப்பேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அக்டோபரில் எல்லாச் சுருளையும் வெளியே எடுத்து ஆடும் பண்டிகை வருகிறது. அதற்கு வா. பச்சை உறைபோட்ட சுருளை நீ தூக்க வேண்டும், என் முழங்கால் இனி அத்தனை சுற்று தாங்காது.

முப்பது வருடம் உன் அம்மா இந்த ஊரில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தாள். அவள் உள்ளே வந்தபோது யாரும் எழுந்து நின்றதில்லை. இனி அந்தச் சுருள் வெளியே வரும்போதெல்லாம் செபாக் எழுந்து நிற்பான், மருத்துவர்களும் வக்கீல்களும் எழுந்து நிற்பார்கள், அவள் பெயர்மேல் கையை வைத்து முத்தமிடுவார்கள். அந்த மியூசியப் பெண்மணியையும் வரச் சொல். நுழைவுச் சீட்டு வேண்டாம், கையுறையும் வேண்டாம். எழுந்து நின்றால் போதும்.

உன் கைகளுக்கு ஆண்டவன் பலம் கொடுக்கட்டும், மகனே. சுருள் கனமானது.

இப்படிக்கு உன் அப்பா,
மக்லூஃப் அசுலின்