தோல்பைத் தண்ணீர்

1931 ஜூலை 3, வெள்ளி.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ஜுப் பயணத்தைப் பற்றிக் கேட்க நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். என்னோடு மக்காவுக்கு வந்த அம்பிட்டிய காஸிம் நானாவும் இருந்தார். ஜித்தாவிலிருந்து போகும் பாலைவழியில் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். கிணற்றுக்குக் கிணறு ஒரு பகல் தூரம், இடையில் ஒட்டகத்தில் கட்டிய தோல்பைத் தண்ணீர்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“நம்ம ஆள் ஒருத்தர், தண்ணிக்குப் பதிலா மண்ணைத் தடவித் தயம்மும் செய்யாம, குடிக்க வச்ச தண்ணியெல்லாம் ஊத்திக் கண்டியில மாதிரி முகம் கை கால் கழுவி ஒளு எடுத்திட்டார்!”

எல்லோரும் சிரித்தார்கள். “யாரு, காஸிம் நானாவா?” என்றார் ஒருவர். அவர் இல்லையென்று நான் சொல்லவில்லை.

அந்த ஆள் நான். ஒட்டகக்காரன் காலிப் பையைத் தூக்கிக் காட்டிக் கத்தியபோது, தன்னிடம் மிச்சமிருந்த அரைக் கோப்பைத் தண்ணீரை எனக்குத் தந்தவர்தான் காஸிம் நானா.

அஸர் தொழுகைக்கு ஒளு எடுக்க எல்லோரும் பின்பக்கத்துப் பீலிக்குப் போனோம். அந்தத் திறந்த குழாயில் மலைத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காஸிம் நானா ஒரேயொரு கோப்பை பிடித்து, அதிலேயே ஒளுவை முடித்துக்கொண்டார்.

“என்ன நானா, இங்கயும் தண்ணிக்குப் பஞ்சமா?” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“அங்க பழகினது. இனி விட ஏலாது.”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நாளை அம்பிட்டியவுக்கு, காஸிம் நானா வீட்டுக்குப் போக வேண்டும். போய் என்ன சொல்வது? பீலிக்கு மூடி கிடையாது. இந்நேரமும் கொட்டிக்கொண்டிருக்கிறது.