காணாத முழங்காலுக்குப் புள்ளி

யூலை 3, வியாழன்

சோளகக் காற்று. விடிந்ததிலிருந்து முற்றம் முழுக்கப் புழுதி. யன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. பிரஷர் குளிசை போட்டேன்.

குமரன் ரொறன்ரோவிலிருந்து கோல் எடுத்தான். போன கிழமை யாழ்ப்பாணத்தில், நடை பார்க்கிற கிளினிக்கில் என்னை நடக்கவிட்டு வீடியோ எடுத்தார்கள். அதன் றிப்போட் வந்துவிட்டதாம். அவனுக்கு. நடந்தது நான், றிப்போட் மகனுக்கு.

"அம்மா, விழுற ஆபத்து அதிகம் எண்டு போட்டிருக்கு. இடது கை அசையேல்லையாம். முழங்கால் ஒழுங்கா மடியேல்லையாம். இனித் தனிய இருக்க ஏலாது."

"ஆர் சொன்னது?"

"கொம்பியூட்டர்."

"அதுக்கு எத்தினை வயசு?"

சிரிக்கவில்லை. ஆவணியில் வந்து வேலணை வீட்டைப் பூட்டி என்னைத் தன்னோடு கூட்டிப்போகிறானாம். யுத்தத்துக்கு இரண்டு தரம் பூட்டி, இரண்டு தரமும் நானே வந்து திறந்த வீடு. ஒரு வீடியோவுக்காகப் பூட்டுவதா?

வாங்க: உளுந்து, தீப்பெட்டி, சேலைக்குக் கஞ்சி மா.

யூலை 4, வெள்ளி

காற்று நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி கோயிலால் வந்து படலையில் நின்று, "மாமி, கனடா போனால் எங்களை மறந்திடாதேங்கோ" என்றாள். அதற்குள் ஊர் முழுக்கக் கதை. குமரன் ஆருக்குச் சொன்னானோ.

வீடியோவை அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். ரப்லெற்றில் பார்த்தேன், நாலைந்து தரம்.

என் மேல் சிவப்புப் புள்ளிகள். தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, இடுப்பில், முழங்காலில், கணுக்காலில். புள்ளிக்குப் புள்ளி கோடு. நடக்கும்போது கோடுகளும் நடக்கின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

இடது கை அசையவில்லை. உண்மை. எப்படி அசையும்? சேலையின் முன்மடிப்பை, கொய்யகத்தை, தூக்கிப் பிடித்திருப்பது அந்தக் கைதானே. சேலையால் நிலத்தைக் கூட்டிக்கொண்டு நடக்காதே என்று கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் பழக்கியது. நான் மட்டுமா, யாழ்ப்பாணம் பஸ்ராண்டில் நிற்கிற பாதிப் பெண்கள் அப்படித்தான்.

முழங்கால்? கஞ்சி போட்ட நூல் சேலைக்குள் முழங்காலை யார் கண்டது? புள்ளி சேலை மடிப்பில் கிடக்கிறது. மடிப்பு ஆட, முழங்காலும் ஆடுகிறது. ஓரிடத்தில் என் முழங்கால் பக்கவாட்டில் ஒரு முழம் வெளியே போய்த் தொங்குகிறது. கொக்குக்குக்கூட அப்படி மடியாது.

இன்னொன்று. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கழற்றச் சொல்லவில்லை. அறைக்குள் செருப்போடு போகிற வளர்ப்பு எனக்கில்லை. மினுங்குகிற ரைல்ஸ். வெறுங்காலோடு அடியை ஒடுக்கி வைத்தேன். அதுவும் றிப்போட்டில்: "குறுகிய அடி".

கிளினிக்குக்குக் கோல் எடுத்தேன். புள்ளி போடுவது தாங்கள் இல்லையாம், மென்பொருள் செய்கிற கொம்பனியாம். விலாசம் வாங்கினேன்.

யூலை 7, திங்கள்

காலைப் பஸ். முன்சீற்றில் இரண்டு பெண்கள்.

"வேலணையிலை ரோட்டோடை ஒரு வீடு விலைக்கு வருதாம். கிழவியைக் கனடாவுக்கு ஏத்தினோடனை குடுப்பினமாம்."

"கிணறு நல்ல தண்ணியோ?"

"நல்ல தண்ணிதான்" என்றேன் பின்சீற்றிலிருந்து. பண்ணைப் பாலம் முடியும்வரை இரண்டும் யன்னலால் கடலையே பார்த்துக்கொண்டு வந்தன.

கொம்பனி ஒரு மாடியில். படி கொஞ்சம் செங்குத்து. ஏறினேன். யாழினி என்றொரு பிள்ளை. கண்ணாடி, களைத்த முகம், மரியாதையான பேச்சு. அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருத்தி. கதிரை போட்டு, என் வீடியோவைத் திறந்து, எப்படி வேலை நடக்கிறதென்று காட்டினாள். வீடியோவை ஒவ்வொரு படமாக நிறுத்துவது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புள்ளி வைப்பது. எல்லாப் புள்ளியும் வைத்தால்தான் அடுத்த படத்துக்குப் போகவிடும். இல்லாவிட்டால் பொத்தான் வேலை செய்யாது.

"முழங்கால் தெரியாட்டி?"

"புள்ளி வைக்கிற எங்கடை ஆக்கள் குத்துமதிப்பா வைப்பினம், அன்ரி."

"குத்துமதிப்பா."

"இது முதல் கார்ட்டூன் கீறுற ஆக்களுக்குச் செய்தது. ஒரு ஆளை நடக்கவிட்டு எடுத்து, அந்தப் புள்ளியளை வைச்சுத்தான் உருவத்தை அசைப்பினம். ஒரு புள்ளி குறைஞ்சாலும் உருவம் உடைஞ்சிடும். பிறகுதான் கிளினிக்குகள் கேட்டது. அப்பிடியே குடுத்திட்டம்."

"கார்ட்டூனுக்கு முழங்கால் வேணுமெண்டால் கீறுங்கோ பிள்ளை. என்ரை முழங்காலை நீங்கள் கீற ஏலாது."

பின்னால் இருந்த பெடியன் ஒருவன் இருமினான். சிரிப்பை அடக்கினானாக்கும்.

யாழினி சொன்னாள்: புள்ளி வைக்கிறவர்கள் பழகியதெல்லாம் அரைக்காற்சட்டை போட்டு ஓடுகிற வெளிநாட்டவரின் வீடியோவில். "அடுத்த முறை பைஜாமா போட்டுக்கொண்டு வாறியளோ? லேசா இருக்கும்."

"நான் பைஜாமாவோடை விழப்போறேல்லை. விழுந்தால் சேலையோடைதான் விழுவன். அதை அளவுங்கோ."

நான் கேட்டது மூன்று. தெரியாத மூட்டுக்குத் "தெரியவில்லை" என்று ஒரு பொத்தான். கையில் ஏதும் பிடித்திருந்தால் அதைக் குறிக்க ஓர் இடம். வெறுங்காலா செருப்பா என்று ஒரு கேள்வி. தெரியாத விடையை வெறுமையாக விடு, புளுகாதே என்பது நாலாம் வகுப்புப் பாடம்.

எழுதிக்கொண்டாள். மேலதிகாரி சம்மதிக்க வேணுமாம். "அவரை வரச்சொல்லும், நான் இருக்கிறன்" என்றேன். வரவில்லை. மத்தியானம்வரை இருந்தேன்.

யூலை 10, வியாழன்

உளுந்து வறுத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது.

யாழினி எடுத்தாள். "அன்ரி, பொத்தான் வைச்சாச்சு." பரீட்சார்த்தமாகத்தான். என் வீடியோவை எனக்கே அனுப்பியிருக்கிறாள், புள்ளி இல்லாமல். விரும்பினால் நானே வைக்கலாமாம்.

மேசையில் ரப்லெற்றை வைத்துக்கொண்டு இருந்தேன். விரலால் தொட்டால் புள்ளி. முழங்கால்: தெரியவில்லை. அடுத்த படம். தெரியவில்லை. இடது கை: சேலை பிடித்திருக்கிறது. என்ன சந்தோசம். ஒவ்வொரு "தெரியவில்லை"க்கும் குமரனின் முகம் நினைவில் வந்தது.

பாதங்கள் நன்றாகத் தெரிகின்றன. சேலையைத் தூக்கிப் பிடித்ததால்.

இடது பாதம் சரி. முதலில் குதிக்கால், பிறகு விரல்.

வலது பாதம். விரல் மேலே வரவில்லை. அடுத்த அடி. வரவில்லை. இன்னொரு அடி. தரையை உரசிக்கொண்டு போகிறது. படத்தைப் பெருப்பித்தேன். மறைக்க ஒன்றும் இல்லை, மடிப்பும் இல்லை, வெளிச்சம் நல்ல வெளிச்சம்.

மூடி வைத்தேன். தேத்தண்ணி குடித்தேன். சீனி போட மறந்துவிட்டேன், அப்படியே குடித்தேன்.

திரும்பத் திறந்து வலது கால்விரலுக்கும் புள்ளி வைத்தேன். இருந்த இடத்தில். ஒவ்வொரு படத்திலும். எனக்காக வேறெவரும் வைக்கவில்லை. என் கணவர் இருந்த காலத்திலேயே எனக்குப் பதிலாக அவரைக் கையெழுத்துப் போட விட்டதில்லை.

யூலை 12, சனி

புது றிப்போட். இந்த முறை எனக்கு. முழங்கால்: மதிப்பிட முடியாது. இடது கை: மதிப்பிட முடியாது. வலது பாதம்: போதிய அளவு உயரவில்லை, தடக்கக்கூடும். குமரனுக்கு நானே அனுப்பினேன். உடனே எடுத்தான்.

"அப்ப முதல் றிப்போட் சரிதானே அம்மா?"

"பிழை. வழி பிழை. குருட்டுவாக்கிலை விடை வந்தால் எங்கடை கொன்வென்ற் மதர் சரி போடமாட்டா."

"வலது கால் இழுபடுது எண்டு நீங்களே சொல்லுறியள்."

"ஓம். பாத்துச் சொல்லுறன். வலது கால் இழுபடுது. அது காலின்ரை கதை. வீட்டை ஏன் பூட்டுறாய்?"

"விழுந்து கிடந்தால் ஆரம்மா பாக்கிறது?"

குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. செல்வி காலையும் பின்னேரமும் எட்டிப்பார்ப்பாள், கால் பயிற்சிக்குக் கிளினிக்குக்குப் போவேன், செருப்போடு நடப்பேன் என்றேன். போதாது, தெரியும்.

"ரிக்கற் இரண்டு போடவோ, ஒண்டு போடவோ?"

"வா. வந்து நிண்டு மீன்குழம்பு சாப்பிடு. திரும்பிப் போக ஒரு ரிக்கற்."

"சரி" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான்.

யூலை 14, திங்கள்

காற்று கொஞ்சம் தணிவு. மேசன் பாஸ்கரன் சொன்ன நேரத்துக்கு வந்தார், அதிசயம். குசினி வாசற்படியைக் காட்டினேன்.

"இது நல்லாத்தானே கிடக்கம்மா. என்னத்துக்கு உடைக்கிறியள்?"

"படியிலை பிழையில்லை."

"எவ்வளவு குறைக்கிறது?"

சேலையைக் கணுக்கால்வரை தூக்கினேன். வலது காலை எழுப்பிக் காட்டினேன். எழும்பின உயரம்வரை.

"இவ்வளவுக்கு" என்றேன். "குனிஞ்சு வடிவாப் பாத்து அளவும்."