ஸ்டேஷன் சுவருக்கு ஒரு நிறம்

கும்மிடிப்பூண்டி,
மாசி மாதம், 2008

அன்புள்ள அஸ்வினிக்கு,

பச்சையம்மா எழுதுவது. நீ பத்திரமாக டில்லி போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் எனக்குப் பாதி விஷயம் வாயில் வராது, பொன்னேரி பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உனக்கு அது தெரியும். அதனால்தான் கடிதம்.

டில்லியிலிருந்து ஒரு மேடம் வருகிறார், மெட்ரோ ஸ்டேஷன் சுவரில் பதிக்கிற வண்ணத் தகடு பார்க்க வருகிறார் என்று கம்பெனியில் ஒரு வாரமாகத் தரையைக் கழுவினார்கள். பேக்கிங் பிரிவில் எங்களுக்குப் புதுத் தலைத்துணி கொடுத்தார்கள். மேனேஜர் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்து நின்றது நீ என்று தெரிந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீதான் ஓடி வந்து எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்தாய். அன்றிலிருந்து சூப்பர்வைசர் என்னை "வாம்மா போம்மா" என்கிறார். அதற்கு முன் "ஏய்" தான்.

அன்று மாலை எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து, மடவை மீன் குழம்பு சாப்பிட்டு, தரையில் அந்தப் பெரிய படத்தை விரித்துக் காட்டினாயே, அதைப் பற்றித்தான் என் வீட்டுக்காரர் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார். பூமிக்கு அடியில் மூன்று மாடி ஆழத்தில் ஸ்டேஷன். அங்கே வெயில் எட்டாது. அதனால் பிளாட்பாரம் நெடுக ஒரு பக்கச் சுவர் இருட்டு நீலத்தில் தொடங்கி, மேலே ஏறும் படிக்கட்டுப் பக்கம் வரவர வெளுத்துக்கொண்டே போக வேண்டும், படிக்கத் தெரியாதவர்கூட வெளிச்சத்தைப் பார்த்தே வெளியே போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். நடுவில் வருகிற நிறம் மட்டும் உனக்குச் சரியாக வரவில்லை. ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் குப்பத்துக்கு வந்து தங்கினாயே, விடியும் முன் என் அப்பா படகில் பழவேற்காடு ஏரிக்குள் கூட்டிப் போனாரே, அந்த நேரத்துத் தண்ணீர் நிறம் வேண்டும் என்றாய். நீலமும் இல்லை, ரோஜாவும் இல்லை. நீ சொன்னதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அவர் உன்னிடம், "அஞ்சு நிமிஷம் நிக்கிற எடத்துக்கு இம்மாஞ் செலவு இன்னாத்துக்கு மேடம்?" என்று கேட்டபோது நீ கோபப்படவில்லை. மண்ணுக்குள் இறங்குகிறவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும், அது அவர்களுக்கே தெரியாமல் போக வேண்டும், அதுதான் என் வேலை என்றாய். மறுநாள் உலை அருகே அவரோடு நின்று, கொக்கியில் தொங்கி வெளியே வந்த ஒவ்வொரு தகடாகப் பார்த்தாய். சாயந்திரம் ஒன்று தேறியது. நீ கை தட்டினாய், அவரும் தட்டினாராம். வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உலையில் நிற்கிற கான்ட்ராக்ட் ஆளோடு சேர்ந்து யார் கை தட்டுகிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். டில்லிக் குளிரில் தலைக்கு எண்ணெய் வை.

உன்,
பச்சை


கும்மிடிப்பூண்டி,
ஆனி மாதம், 2008

அன்புள்ள அஸ்வினிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத முடியவில்லை.

ஸ்டேஷன் திறப்பு விழாவை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள் என்று கம்பெனிக்குத் தகவல் வந்தது. கூடவே, அனுப்பிய தகடுகளில் ஒரு பகுதி நிறம் சேரவில்லை, திரும்பச் செய்து அனுப்புங்கள் என்றும் வந்தது. உன் ஆபீசிலிருந்துதான். அது உன் வேலை, நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு உலையை அணைக்கவே விடவில்லை. ஆட்கள்தான் மாறினார்கள், சில நாள் ஆட்களும் மாறவில்லை.

ஒரு நாள் மத்தியானம் தகடு தொங்கிப் போகிற சங்கிலி உலை வாயில் சிக்கிக்கொண்டது. உலையை நிறுத்தி ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் வீணாகும் என்று சூப்பர்வைசர் அவரிடம் கம்பியைக் கொடுத்துத் தட்டிவிடச் சொன்னார். தட்டினார். இரும்புச் சட்டத்தோடு தகடுகள் அவர் மேல் சரிந்தன. நான் பேக்கிங்கில் அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். யாரோ ஒருவர் என்று நினைத்துத்தான் ஓடினேன்.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் இருக்கிறார். உயிருக்கு இனி பயமில்லை என்கிறார்கள். இடது கண் போய்விட்டது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. முகத்தைப் பற்றி எழுதவில்லை.

கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? பூவராகவன் என்று எங்களிடம் ஆளே இல்லை என்கிறது. பெண்டாட்டிக்குச் சோறு கொண்டுவந்தவர், வேடிக்கை பார்க்க உலைப் பக்கம் போய்விட்டார் என்கிறது. கான்ட்ராக்டர் ஆதிநாராயணன் ஆஸ்பத்திரிக்கே வந்தார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. "நைனா, நான் லோடு ஏத்தத்தான் ஆள் உட்டேன். உலைக்கு உடலியே. நீ இன்னாத்துக்கு அங்க போன?" என்று அவரிடமே கேட்டார். மருந்து மயக்கத்தில் இருந்தவர், "தப்புதாண்ணே" என்று சொல்லிவிட்டார். அதற்கும் இரண்டு சாட்சி வைத்திருக்கிறார்கள்.

உலையில் அவரோடு நிற்கிற மாரியப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "என் பேர மட்டும் இஸ்துக்காத பச்சையம்மா. ரெண்டு பொண்ணு வச்சிக்கினு கீறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். என்னையும் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். புருஷனைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று இரக்கமாகத்தான் சொன்னார்கள்.

தொழிலாளர் துறையில் விசாரணை வைத்திருக்கிறார்கள். விசாரிக்கிற அதிகாரி நல்லவராகத் தெரிகிறார். உன் புருஷன் அந்த உலையில் வேலை பார்த்தார் என்று கம்பெனிச் சம்பளம் வாங்காத ஒருத்தராவது சொல்ல வேண்டும் அம்மா என்றார். அப்படி ஒருத்தர் எனக்குத் தெரிந்து நீதான் இருக்கிறாய். அவர் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க நின்றாய். அவரோடு பேசினாய்.

நீ வழக்குப் போட வேண்டாம். யார் மேலும் பழி சொல்ல வேண்டாம். பூவராகவன் உலையில் வேலை செய்ததை நான் பார்த்தேன் என்று சொன்னால் போதும். வர முடியாவிட்டால் எழுதி அனுப்பு. அன்று போன் செய்தபோது மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வேலை நெருக்கடி இருக்கும். அதிகாரியின் விலாசத்தைத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

உன்னால்தான் இப்படி ஆயிற்று என்று எங்கள் தெருவில் ஒருத்தி சொன்னாள். அவளோடு நான் பேசுவதில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
பச்சை


கும்மிடிப்பூண்டி,
தை மாதக் கடைசி, 2009

அஸ்வினிக்கு,

நீங்கள் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, நீ என்றே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

உன் பதில் விசாரணைக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அதிகாரி முதலில் படித்துவிட்டு, பிறகு தமிழில் சொன்னார். நிறம் ஒப்புதல் தரத் தொழிற்சாலைக்கு வந்தது உண்மை, நிர்வாகத்தினரோடு மட்டுமே பேசினேன், தொழிலாளர் எவரையும் தனியாக நினைவில்லை. இவ்வளவுதான். கம்பெனி வக்கீல் தலையை ஆட்டினார். என் பக்கத்தில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தவருக்குக் காதும் சரியாகக் கேட்பதில்லை. "அஸ்வினி மேடம் எய்தி அனுப்சிட்டாங்களா? நல்லாக்கீறாங்களாமா?" என்று என்னைக் கேட்டார். நல்லா இருக்காங்களாம் என்றேன். அவர் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மனு தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். ஒட்டிய விரல்களை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பெரிய ஊரு. எத்தினி பேர பாக்கறாங்க. மறந்துகூடப் பூட்டு இருக்கலாம்" என்றார். நானும் அப்படியே நம்பிக்கொள்ளப் பார்த்தேன். மறந்துவிட்டாய் என்றால் எனக்குக் கோபம் குறைகிறது.

பொன்னேரி சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். நான் இப்போது இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறேன், கை நாற்றத்துக்கு வெட்கப்பட்டு ஒதுங்கினேன். அவர்தான் கூப்பிட்டார். "அவ வேணும்னு செய்யலம்மா. அங்க நின்னேன்னு ஒத்துக்கினா, அவசரப்படுத்தினது நீதானேன்னு அவ பேர இழுப்பாங்கன்னு ஆபீசுல சொன்னாங்களாம். ஸ்டேஷன் வேலையே நின்னுபோவும்னு பயந்துட்டா" என்றார். ஆக, உனக்கு மறக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளச் சந்தைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். நீ முழுகாமல் இருக்கிறாய் என்பதையும் அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

பொங்கல் அன்று டிவியில் வந்தாய். சாதித்த பெண்கள் என்று நிகழ்ச்சி. அடுத்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம், அவரையும் நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். உன் ஸ்டேஷனை முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகாக இருக்கிறது. தூணே இல்லாத கூரை. நீ சொன்ன மாதிரியே இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகிறது சுவர். வயதான ஒரு அம்மா யாரையும் கேட்காமல் வெளிச்சத்துப் பக்கம் நடந்து படியேறிப் போனதைக் காட்டினார்கள். பயம் இல்லாமல்தான் போனார்.

அந்த நிறம் எப்படிக் கிடைத்தது என்று உன்னைக் கேட்டார்கள். நீ சிரித்தாய். கும்மிடிப்பூண்டியில் உலை பக்கத்தில் ஒரு தொழிலாளியோடு நாள் முழுக்க நின்றேன், சரியான தகடு வெளியே வந்ததும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம், அந்த மனிதரை என்னால் மறக்கவே முடியாது என்றாய். சொல்லும்போது உன் கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பில்லை. உன்னை எனக்குத் தெரியும். அதுதான் அஸ்வினி எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பாசமாக நினைவு வைத்திருந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் மறந்துபோனாய்.

டிவியை அணைத்தார்கள். அவர் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. விசாரணையில் தோற்றது தெரிந்த அன்றுகூடச் சாப்பிட்டவர்.

மூன்றாம் நாள் மாரியப்பன் அண்ணன் வந்தார். அவரும் பார்த்திருக்கிறார். உட்காராமல் வாசலிலேயே நின்று, "அந்தம்மா ஊரே பாக்கச் சொல்லுது, நான் ஒரு ஆபீசர் முன்னால சொல்ல மாட்டேன்னு கெடந்தேன் பாரு. வேல போனா போவட்டும். நான் வரேன்" என்றார். உன்னால் எங்களுக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான், நீ அறியாமல் செய்தது. இதைச் சொன்னதற்காகவே அடுத்த வாரம் அவருடைய வேலையும் போய்விட்டது. இப்போது நான் இறால் கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில்தான் அவரும் வேலை தேடிப் போகிறார்.

தொழிற்சங்கத்தில் ஞானம்மா என்றொருவர் வக்கீலைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். மேல்முறையீடு போட்டிருக்கிறோம். அதில் உன்னையும் சாட்சியாகக் கூப்பிடப்போகிறார்கள். விலாசம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். சொல்லாமல் கொடுத்துவிட்டாள் என்று பின்னால் நீ சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ வராவிட்டாலும் வழக்கு நடக்கும், மாரியப்பன் அண்ணன் ஒருத்தரே போதும் என்கிறார் வக்கீல். ஆனாலும் நீ வா. டிவியில் சொன்னதை அங்கே ஒருமுறை சொல்லிவிட்டுப் போ. எங்களுக்காக வர வேண்டாம். நாளைக்கு உன் பிள்ளை, அம்மா கட்டின ஸ்டேஷன் என்று அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது நீ வேறு பக்கம் திரும்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அதற்காக வா.

கனம் தூக்காதே. மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள். எனக்குக் குழந்தை இல்லை, ஆனாலும் குழந்தை பெற்றவர்களைப் பார்த்து வளர்ந்தவள் சொல்கிறேன். உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பிள்ளைக்குக் கண் இரண்டும் தெளிவாக இருக்கட்டும். கை விரல் பத்தும் பிரிந்து பிரிந்து இருக்கட்டும். தினமும் விளக்கு வைக்கும்போது இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூவராகவன் மனைவி
பச்சையம்மா