கைப்பிடியில் சுற்றிய துணி

கீதாஞ்சலியின் அம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று அரியலூர் பழைய சாமான் கடையில், திருட்டுப்போன என் டிரில்லிங் மெஷினுக்கே அரை மணி நேரம் பேரம் பேசினேன். "கைப்பிடி சரியில்லையே" என்று குறை வேறு சொன்னேன். அதில் சுற்றியிருந்தது உன் பச்சைச் சேலைக் கிழிசல் என்று அப்புறம்தான் உறைத்தது.

"இது என்னுதுங்க. பெரம்பலூர்ல திருட்டுப் போச்சு" என்றேன்.

கடைக்காரர் அசரவில்லை. "அங்க போனது இங்க வரும், இங்க போனது அங்க வரும். மினி பஸ் மாதிரிங்க. விக்க வர்றவன் ஹெல்மெட்ட கழட்டாம குடுத்துட்டுப் போறான், மூஞ்சிய யாரு பாத்தா?"

மெஷின் காணாமல் போன வாரம் நம் வீட்டில் தங்கியிருந்தான் என்பதற்காக, தெரு கூடி நிற்க உன் தம்பியைத் திருடன் என்றேன். நீ பிள்ளையோடு ஜெயங்கொண்டத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். அவனுக்குப் பேசிவைத்த பெண் வீட்டாரும் விலகிவிட்டார்களாம்; மாவு மில்லில் எனக்கே சொல்கிறார்கள். இனி நான் மைக் கட்டிக் கத்தினாலும் அந்தப் பேச்சு போகாது. நீ வரமாட்டாய் என்றும் தெரியும்.

"மெஷின்ல உங்க பேரு இருந்தா எடுத்துட்டுப் போங்க. துணியப் பிரிங்க, பாப்போம்" என்றார் கடைக்காரர்.

பிரிக்காமலே வந்துவிட்டேன். துணிக்கு அடியில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எழுதிய வேறொருவன் பெயர் இருக்கிறது: "வீரமணி, அரியலூர்". பெரம்பலூர்ப் பழைய சாமான் கடையில் அந்த மெஷினை நான் வாங்கிய அன்று, அந்தப் பெயரை மறைக்கத்தான் உன் சேலையைக் கிழித்தேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்