இருபத்தெட்டாம் தேதிக்குள் ஒரு சம்மதம்

சங்கரன்கோவில்,
19 நவம்பர், புதன்.

அன்புள்ள அத்தானுக்குச் செண்பகவல்லி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளை அபிஷேக்கும் அத்தையும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

நேற்று காலை பதினொன்று இருபதுக்கு, புள்ளியியல் படிப்பை நடத்துகிற இணையதளத்திலிருந்து எனக்குப் பதில் வந்தது. சான்றிதழை என் பெயருக்கு மாற்றித் தருவார்களாம். ஆனால் பதிவு உங்கள் மெயிலில் நடந்திருப்பதால் உங்கள் சம்மதம் வேண்டும். உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ‘சம்மதம்’ என்று இருக்கிற பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டும். இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி வரை நேரம் தந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் இருவரும் கத்தினோமே தவிரப் பேசவில்லை. அதனால்தான் கடிதம். மம்மது அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறார். சனிக்கிழமை இது உங்கள் கையில் இருக்கும்.

தப்பு என்னிடமும் உண்டு. ஆகஸ்டில் பதிவு செய்தபோது எனக்கென்று மெயில் கிடையாது. இந்தப் போனில் நீங்கள் போட்டு வைத்திருந்ததையே கொடுத்தேன். வானியல், சட்டம், மனநலம் என்று எத்தனையோ குறும்படிப்புகள், எல்லாம் இலவசம். பிளஸ் டூவில் எனக்குக் கணக்குப் பிடிக்கும் என்பதால் புள்ளியியலைத் தொட்டேன். பெயர் கேட்ட இடத்தில் உங்கள் பெயர் தானாக வந்து நின்றது. கேஸ் இணைப்பும் கரண்ட் இணைப்பும் உங்கள் பெயரில்தானே இருக்கிறது, இதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டு வாரம் தாக்குப்பிடிப்பேன் என்று அன்றைக்கு எனக்கே நம்பிக்கை இல்லை.

போன வெள்ளிக்கிழமை உங்கள் மெயிலுக்குச் சான்றிதழ் வந்தது. ‘இசக்கித்துரை, நூற்றுக்கு எண்பத்தாறு.’ பக்கத்துத் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற ஹஸ்னா பானுவிடம் காட்டினேன். “அக்கா, அண்ணாச்சி ஷார்ஜாவுல மூட்டை தூக்கிக்கிட்டே சங்கரன்கோவில்ல பரீட்சை எழுதிப் பாஸாயிட்டாரு. லேசுப்பட்ட ஆளில்ல!” என்றாள். நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் அவள்தான் எனக்குத் தனியாக மெயில் திறந்து தந்தாள். நடந்ததை அதிலிருந்து அவர்களுக்கு எழுதினேன்.

எழுதிவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னபோதுதான் நீங்கள் அந்தச் சான்றிதழை உங்கள் சூப்பர்வைசருக்கு அனுப்பியிருப்பது எனக்குத் தெரிந்தது. “இருக்கட்டும்ட்டி. ஸ்டோர்ல உக்காந்து பாக்குத வேலை கிடைச்சிரும். நல்லதுதானே” என்றீர்கள். அத்தையும், “ஏட்டி, ஒரே வீட்டுல அவன் பேரு என்ன, உம்பேரு என்ன?” என்கிறார். அந்த வெயிலில் நீங்கள் ஐந்து வருடமாக நிற்பது எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று உங்களைவிட நான் அதிகம் நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சான்றிதழின் இரண்டாம் பக்கத்தை நீங்கள் பார்த்தீர்களா? செய்முறைத் தலைப்பு அதில் இருக்கிறது: விசைத்தறியில் நூல் அறுவது, காலையிலும் மதியத்திலும். பக்கத்து வீட்டுச் சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சியின் ஆறு தறிகளுக்கு முன்னால் இருபது நாள் நோட்டோடு நின்றேன். காலை பத்து முதல் பதினொன்று, மதியம் மூன்று முதல் நான்கு. “என்ன தாயி, எந்தறிக்கு ஜாதகமா எழுதுத?” என்று முதல் வாரம் முழுக்கக் கேலி. மூன்றாம் வாரம் அவரே, “ஏம்மா, இன்னிக்கு நாலாம் நம்பர் எத்தனை தடவ அறுந்துச்சு?” என்று கேட்க ஆரம்பித்தார். காலையில் ஒரு தறிக்குச் சராசரி நான்கு தடவை. மதியம் ஏழு. இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று உங்கள் சூப்பர்வைசர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கேட்காமல் விட்டாலும், கேட்பார் என்ற பயத்தோடு எத்தனை நாள் அந்த நாற்காலியில் உட்காருவீர்கள்?

கரிவலம்வந்தநல்லூர்ப் பாதையில் புதிதாக வந்திருக்கிற நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்குப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். பிளஸ் டூவும் இப்படி ஒரு சான்றிதழும் போதும். டிசம்பர் ஐந்து கடைசி நாள். நேரில் போய் விசாரித்தேன். அங்கிருந்த பிரேமலதா மேடம் என் நோட்டை வாங்கி நான்கைந்து பக்கம் புரட்டினார். சான்றிதழ் எங்கே என்றார். அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. திங்கட்கிழமையிலிருந்து உங்கள் மெயில் என் போனில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறு என்று வருகிறது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

சூப்பர்வைசரிடம் நீங்களே போய், அது என் வீட்டுக்காரி படித்தது, பெயர் மாறி வந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். அதில் உங்களுக்கு ஒரு குறைவும் இல்லை. அதே படிப்பு உங்களுக்கும் இலவசம்தான். சேர்ந்தால், தெரியாததை வெள்ளிக்கிழமை போனில் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

நீங்கள் சம்மதிக்காவிட்டால் இந்தப் பதிவு இப்படியே உங்கள் பெயரில் நின்றுவிடும். நூற்பாலை வேலை எனக்கு இந்தத் தடவை இல்லை. அடுத்த வகுப்பு ஜனவரி பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை தொடங்குகிறது. என் மெயிலில், என் பெயரில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். முதல் பாடத்திலிருந்து மறுபடி படிப்பேன். தறி முன்னால் இன்னும் இருபது நாள் நிற்பேன். அதில் எனக்குச் சடைவு இல்லை. ஆனால் இந்தச் சான்றிதழ் நீங்கள் சம்மதித்துக் கொடுத்ததாக இருந்தால் மனசுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கோமதியம்மன் உங்கள் இடுப்பு வலியைத் தீர்த்து, உங்கள் உழைப்புக்கு உங்கள் பெயரில் நல்ல வேலை தரட்டும். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை, உங்களுக்கு லீவு நாள். அன்று மாலை ஆறு மணி வரை என் மெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள்
செண்பகவல்லி